கைன்-பா-தா பெட்டியும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று எங்கள் அரபி-தமிழ் அகராதியின் ஆசிரியர் கேட்டபோது, இந்த மனிதருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்றுதான் முதலில் தோன்றியது. அவள் எங்கள் அகராதி அலுவலகத்தை விட்டு வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். போகிறவளுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம், கூட்டத்தில் கொடுக்க ஒரு மடக்குத்தாள், அதில் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பு. "வீட்லயும் ஒண்ணா இருக்கீங்க, ஆபீஸ்லயும் ஒண்ணா இருக்கீங்க. உங்களைவிட அவங்களை யாருக்கும்மா தெரியும்?" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்தவர்கள் எல்லாரும் மனம் நெகிழ்ந்து போனார்களாம். இது அந்தப் பக்கத்தில் நான் எழுதாதது.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நான் மூத்த மருமகள், அவள் என் கொழுந்தன் மனைவி. கீழே நாங்கள், மாடியில் அவர்கள், அடுப்பு மட்டும் ஒன்று. அவளுடைய அப்பா துறைமுகத்தில் ஆட்டுக்கொட்டடிக்குக் காவல். கப்பலில் வந்து இறங்கும் செம்மறி ஆடுகளை, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பத்து நாள் அங்கே அடைத்து வைப்பார்கள். பள்ளி முடித்த கையோடு இவளும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, ஆட்டின் காதில் மாட்டும் வில்லைகளின் எண்ணை நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆறு வருடம். ஆடு வாங்க வரும் அரபு வியாபாரிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அரபி பேசக் கற்றுக்கொண்டாள். அப்புறம் இரண்டு வருடம் மாலை வகுப்பில் இலக்கணம். அவ்வளவுதான் படிப்பு. நான் ஐந்து வருடம் கல்லூரியில் அரபி படித்தவள். முதல் வகுப்பு, பதக்கம், எல்லாம் உண்டு. பதக்கம் பீரோவில் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, நானும் காட்டுவதில்லை.

அவளை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனதே நான்தான். கல்யாணமாகி மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில் என் மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. சின்னவள் டீ போட்டால் அது டீ, நான் போட்டால் சுடுதண்ணீர். எங்கள் அலுவலகத்தில் பிரதி எடுக்கும் மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. இவளை அங்கே உட்கார வைத்துவிட்டால் வீட்டிலும் நிம்மதி, அலுவலகத்திலும் என் கைக்குள் அடங்கி இருப்பாள் என்று நினைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் வேலையைச் சொல்லாவிட்டால் மேலே சொல்வது புரியாது. அரபிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று எழுத்து வேர்களிலிருந்து கிளைப்பவை. நாங்கள் ஒவ்வொரு வேருக்கும் ஒரு மரப்பெட்டி வைத்திருந்தோம். ஒரு பொருளுக்கு ஒரு கார்டு: சொல், அதன் தமிழ்ப் பொருள், எந்த நூலில் இருக்கிறது என்ற விவரம். ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்தவர் மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டுத் தேதி எழுத வேண்டும். டிக் இல்லாமல் ஒரு கார்டு கையை விட்டுப் போகக் கூடாது. என் கை இதற்கு எப்படிப் பழகிவிட்டது என்றால், வீட்டில் மளிகைச் சீட்டைப் பார்த்தாலும் மூலையில் டிக் போட்டுவிடும். என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இதற்கு மேல் ஆசிரியரின் பிடிவாதம் ஒன்று இருந்தது. அதற்குத் தாய்க் கார்டு என்று பெயர். ஒரு வேரின் எல்லாப் பொருளும் எந்த ஒரு செயலிலிருந்து பிறந்திருக்கும் என்று மூன்று நான்கு வரியில் எழுதிக் காட்ட வேண்டும். கையால் செய்கிற, கண்ணால் பார்க்கிற செயலாக அது இருக்க வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். மூன்று முறை திரும்பினால் பெட்டி அடுத்த மேசைக்குப் போய்விடும். வேரை முடித்தவருடைய குறி, அதாவது பெயரின் முதலெழுத்து, அச்சில் அந்த வேரின் கடைசியில் வரும்.

சின்னவள் ஒரே வருடத்தில் பிரதி மேசையிலிருந்து எழுத்து மேசைக்கு வந்தாள். எனக்கு அதற்கு நான்கு வருடம் ஆனது. முதலில் என் பக்கத்து மேசை, பிறகு எதிர் மேசை. நான் நிமிர்ந்தால் அவள் முகம்தான். பென்சிலைக் கடித்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது. என்னிடம் வந்து, "அக்கா, இது சரியா இருக்கா பாருங்களேன்" என்பாள். சரியாக இருக்கும். அதுதான் எரிச்சல். ஒரு நாளாவது தப்பாக எழுதித் தொலைய மாட்டாளா என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன்.

அப்போது ஆறாம் தொகுதி அச்சுக்குப் போகவிருந்தது. அந்தத் தொகுதியிலிருந்து தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் பெயருக்குக் கீழே துணை ஆசிரியர் என்று ஒரு பெயர் போடுவதாக முடிவாகியிருந்தது. எங்கள் இருவரில் ஒருவர் பெயர். ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது தன் பெயரைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பார்க்க ஆசை இருக்காதா? எனக்கு இருந்தது. வெறியாகவே இருந்தது.

அந்த நேரத்தில் என் பங்குக்கு வந்து சேர்ந்தது கைன், பா, தா என்ற வேர். இதில் கிப்தா என்றால் நல்ல நிலை, மனநிறைவு. அடுத்தவரிடம் இருப்பதைப் பார்த்து, அது அவரிடமே இருக்கட்டும், எனக்கும் அதுபோல ஒன்று கிடைக்கட்டும் என்று ஆசைப்படுவதும் கிப்தாதான். அடுத்தவரிடமிருந்து அது தொலைந்து போக வேண்டும் என்று நினைக்கும் பொறாமைக்கு ஹசத் என்று வேறு சொல், வேறு வேர். அந்த வேரை முந்திய தொகுதியில் நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று பெயர் வாங்கியது. அனுபவித்து எழுதியிருக்கிறீர்கள் என்று யாரும் சொல்லாமல் விட்டது அவர்கள் பெருந்தன்மை.

இக்தபத என்றால் மகிழ்ந்திருந்தான், முக்தபித் என்றால் மகிழ்ந்திருப்பவன். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் கபீத் என்றால் ஒட்டகத்தின் மேல் பெண்கள் உட்காரக் கட்டும் சேணம். அக்பத என்றால் சேணத்தை இறக்காமல் விலங்கின் முதுகிலேயே விட்டுவைத்தான். காய்ச்சல் விடாமல் காய்ந்தாலும் அதே சொல், மழை விடாமல் பெய்தாலும் அதே சொல். கபூத் என்றால், தொட்டுப் பார்த்தால் ஒழியக் கொழுப்பு உண்டா இல்லையா என்று தெரியாத பெண் ஒட்டகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கபத என்ற முதல் வினைக்குச் செம்மறிக்கிடாயின் முதுகைக் கையால் தடவிப் பார்த்தான் என்று ஒரு பொருள். ஆடு, சேணம், காய்ச்சல், மழை, ஆசை. இவை அத்தனைக்கும் ஒரு தாய் வேண்டுமாம்.

பழைய அகராதிக்காரர்களே இதை மூன்று கிளையாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள், சேர்க்க வழியில்லை என்று முதலில் எழுதினேன். திரும்பி வந்தது. மனத்தில் நிலைத்து நிற்கும் விருப்பம் என்று சுற்றி வளைத்து எழுதினேன். "எல்லாம் சரிம்மா, இதுல ஆடு எங்க?" என்று பென்சிலால் எழுதித் திருப்பினார். மூன்றாவது முறை என்ன எழுதினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை என் மேசையிலிருந்த பெட்டியை ஆசிரியரே தூக்கிக்கொண்டு போய் எதிர் மேசையில் வைத்தார். மூன்று வாரம் நான் முட்டி மோதிய பெட்டி.

சின்னவள் அன்று மத்தியானமே எழுந்து நின்றாள். "சார், இது நான் கொட்டடியில தினமும் பார்த்ததுதான்" என்றாள். எப்படி என்று ஆசிரியர் கேட்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, கொஞ்சம் திரும்புங்க." என்னவோ ஏதோ என்று திரும்பினேன். என் இடுப்புக்கு மேலே முதுகில் உள்ளங்கையை வைத்து விரல்களால் அழுத்திக் காட்டினாள்.

"வெளியில இருந்து பார்த்தா ஆடு கொழுத்ததா மெலிஞ்சதான்னு தெரியாது சார். ரோமம் மறைச்சுடும். இப்படிக் கை வெச்சுத்தான் பார்க்கணும். நல்ல ஆடா இருந்தா கை வெச்சவன் முகமே மாறிடும். அடுத்தவன் வாங்கின ஆடா இருந்தாலும், அடடா, நமக்கும் இப்படி ஒண்ணு அமைஞ்சா எப்படி இருக்கும்னு நிப்பான். அவனோடதைப் பிடுங்கிக்கணும்னு இல்ல. இதுமாதிரி ஒண்ணு."

"சேணம்?" என்றார் ஆசிரியர்.

"அதுவும் முதுகு மேலதானே சார் உக்காருது. கையை எடுத்துடுவாங்க. சேணத்தை எடுக்காம விட்டா அப்படியே கிடக்கும். காய்ச்சலும் மழையும் அதுமாதிரி வந்து உக்காந்துக்குது."

நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவள். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். பதினான்கு வருட வேலையும் ஐந்து வருடப் படிப்பும் அன்றைக்கு ஓர் ஆட்டு முதுகாக நின்றன. அவளுக்கு அது தெரியவில்லை, என் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்து மூன்றே வரியில் தாய்க் கார்டை எழுதி முடித்தாள். அவள் விளக்கம் உண்மையிலேயே அந்த வேரின் வரலாறா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்ட பிறகு வேறு மாதிரி நினைக்கவும் முடியவில்லை. என் வயிறு எரிந்ததற்கு அதுவே காரணம்.

வீட்டுக்குப் போனால் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. "சின்னவ ஆபீஸ்ல என்னவோ சாதிச்சுட்டாளாமே" என்றார் மாமியார். என் கணவர், "நல்லதுதானே" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாக் கார்டையும் சின்னவள் தன் கையாலேயே புதிதாக எழுதி முடித்த கைன்-பா-தா பெட்டி சரிபார்க்க என்னிடமே வந்தது. அலுவலகத்தில் அதற்கு வேறு ஆள் இல்லை. நாற்பத்தொரு கார்டு. ஒவ்வொன்றாக எடுத்து மூல நூலோடு ஒப்பிட்டேன். பிழை கிடைத்தால் போதும் என்று ஆசையாகத் தேடினேன். ஒரு புள்ளி கூடத் தவறவில்லை. எட்டாவது கார்டு ஆட்டுக் கார்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசிரியர் அச்சகத்துக்குப் போயிருந்தார். சின்னவள் கை கழுவப் போயிருந்தாள். எழுந்து போய், அதே அலமாரியில் பக்கத்தில் இருந்த கைன்-பா-காஃப் பெட்டியைத் திறந்தேன். மாலை வேளையில் குடிக்கும் பாலைப் பற்றிய வேர் அது, ஏற்கெனவே சரிபார்த்து அச்சுக்கும் பிரதி எடுத்து முடித்தது, யாரும் இப்போதைக்குத் தொட மாட்டார்கள். கார்டை நடுவில் செருகி மூடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்தப் பொருளை எந்தப் பெரிய அகராதியிலும் பார்த்து அரை மணியில் திரும்ப எழுதிவிடலாம். அதனால் அகராதிக்கு நஷ்டமில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கார்டைத் தொலைப்பதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தொலைத்தவர் ஆறு மாதம் பிரதி மேசைக்குப் போக வேண்டும். அவர் பெட்டி இன்னொருவருக்குப் போகும். ஆசிரியர் எண்ணிப் பார்த்தார், நாற்பதுதான் இருந்தது. என்னைப் பார்த்தார். "எனக்கு வந்ததே நாப்பதுதான் சார்" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

சின்னவள் மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தேடினாள். குப்பைக்கூடையைக் கொட்டித் தேடினாள். "எண்ணித்தான் அக்கா கொடுத்தேன், நாப்பத்தொண்ணு இருந்துச்சே" என்று என்னிடம் சொன்னாள், தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்ட குரலில். நானும் மண்டியிட்டு அவளோடு சேர்ந்து தேடினேன். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.

மறுநாள் பெட்டி என்னிடம் வந்தது. ஆட்டுக் கார்டை நான் புதிதாக எழுதினேன். தாய்க் கார்டில் அவளுடைய மூன்று வரியையும் அப்படியே விட்டு, கீழே என் குறியைப் போட்டேன். ஆறாம் தொகுதி என் பெயரோடு வந்தது. அதைக் கையில் வாங்கியதும் சின்னவள் முதல் பக்கத்தைத் திறந்து என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அவள்தான் இனிப்பு வாங்கினாள். நான் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் ஆசிரியர், "அந்தக் கார்டு கிடைச்சுடுச்சும்மா. பக்கத்துப் பெட்டியில அவங்களே மாத்தி வெச்சுட்டதா சொல்றாங்க" என்றார். காப்பில் வைக்க மறுபிரதி எடுக்கும்போது சின்னவள் கண்ணில் பட்டதாம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பைத்தியக்காரி, தன் கைப்பிழை என்றே நம்பிவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதோடு பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பிரதி மேசையில் உட்கார்ந்தும் அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு மாதம் முடிந்து திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி எதிரே உட்கார்ந்தாள். போன மாதம் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ஆறாம் தொகுதியில் கைன்-பா-தாவை எழுதியது யார் என்று கேட்டார்கள். குறி என்னுடையது. ஆசிரியர் என்னைப் பார்க்காமலே சின்னவளைக் கை காட்டினார். அவர்களுடைய அகராதித் துறைக்கு அவளைத் தலைவியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குப் பெயர், அவளுக்குத் துறை.

வாழ்க்கைக் குறிப்புக்காக ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறந்த வருடம், அப்பா பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டு எழுதினேன். பிறகு, இப்படிப்பட்ட குறிப்புகளில் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "வேலையில மறக்க முடியாத சம்பவம் ஏதாவது சொல்லு."

மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீங்களே கேக்குறீங்களா அக்கா?"

"ஏன், கேக்கக் கூடாதா?"

"அந்தக் கார்டுல உங்க சிவப்பு டிக் இருந்துச்சு. தேதியோட. உங்க கைக்கு வரவே இல்லன்னு சொன்ன கார்டு."

ஒளித்து வைக்கப் போகிற கார்டுக்கும் டிக் போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன். திருடப் போன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் கை செய்தது, எனக்குத் தெரியவே இல்லை.

"ஏன் சார்கிட்ட சொல்லல?" என்றேன் கடைசியில்.

"சொல்லத்தான் போனேன். அவர் ரூம் கதவு வரைக்கும் போனேன். அப்புறம் சாயந்திரம் வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கணுமேன்னு தோணுச்சு. டிக்கையும் தேதியையும் பிளேடால சுரண்டிட்டு, நான்தான் மாத்தி வெச்சேன்னு சொல்லிட்டேன்."

அழுதேன். நடிப்பில்லை. "எனக்கு உன்மேல பொறாமைடி. நீ இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பொறாமை" என்று போட்டு உடைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொல்லாதது.

"தெரியும்க்கா. எனக்கும்தான் உங்கமேல இருந்துச்சு."

"என்மேலயா? எங்கிட்ட என்னடி இருக்கு?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்க கையெழுத்து. விரல் வெக்காம கடகடன்னு பழைய புத்தகத்தைப் படிப்பீங்களே, அது. அத்தை எதுவா இருந்தாலும் என்னைப் புகழ்வாங்க, ஆனா உங்களைக் கேட்டுட்டுத்தான் செய்வாங்க. என்னை முதல் நாள் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனீங்க இல்ல, நீங்க உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு உங்களைப் பார்த்தாங்க. நாமும் ஒரு நாள் இவங்க மாதிரி ஆகணும்னு அன்னைக்கு நெனச்சேன். உங்களுக்கு ஒரு குறையும் வராம, உங்க பக்கத்துலயே நானும் அப்படி உக்காரணும்னு. கிப்தா கார்டு எழுதினப்பகூட உங்களை நெனச்சுத்தான் எழுதினேன்."

இத்தனை வருடம் என்னைப் பார்த்து ஒருத்தி ஏங்கியிருக்கிறாள். அதுவும் இவள். வெட்கத்தை எல்லாம் மீறி எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பதக்கம் வாங்கிய அன்றுகூட அப்படி இருந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

"இப்பவும் இருக்கா?"

அவள் மடித்து வைத்திருந்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். எனக்காக இன்னொரு பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம். ஒன்றுக்கு மேல் அவளுக்குப் பொய் வராது.

"இல்லக்கா. அந்த டிக்கைப் பார்த்த அன்னைக்கே போயிடுச்சு" என்றாள். பிறகு இன்னொரு துணியை எடுத்து உதறினாள். "எழுதிக்கோங்க, அடுத்தது என்ன கேக்கணும்?"